பால் பெட்டியில் ஓட்டோ டிக்ஸ் மாதிரி அச்சுப்படம் எடுப்பது எப்படி?

முதல் உலகப் போருக்குத் தானாக முன்வந்து போன ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ். இயந்திரத் துப்பாக்கிப் படையில் 1916இல் பிரான்சின் சோம் போர்முனையைப் பார்த்தார், 1918இல் கழுத்தில் காயம்பட்டார். 1924இல் ‘போர்’ என்று 50 அச்சுப்படங்களை வெளியிட்டார். நச்சுப்புகை முகமூடியோடு பாய்ந்து வரும் சிப்பாய்கள், பதுங்குகுழியில் மக்கிப்போன உடல்கள். இந்த மாதிரிப் படங்களுக்காகவே 1933இல் நாஜிகள் அவருடைய பேராசிரியர் வேலையைப் பறித்தார்கள்.

அந்தப் படங்களில் பல இடங்களில் உலோகத் தகட்டை அமிலம் அரிக்கவிட்டிருக்கிறார். தகடு கெட்டால்தான் படம் வரும். மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் அமிலத்துக்கு இடமில்லை. சோயா பால் பெட்டியே போதும்.

பெட்டியைப் பிரித்துக் கழுவித் துடையுங்கள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் பக்கத்தில் காம்பஸ் முள்ளால் கீறுங்கள். நன்றாகக் கறுக்க வேண்டிய இடத்தில் பிளேடால் லேசாக வெட்டி, மேல் ஏட்டை உரித்துவிடுங்கள். உள் அட்டை மையைக் குடித்துக்கொள்ளும். கண்குழி, வாய், சேறு எல்லாம் இப்படித்தான் வரவேண்டும். ஓரம் பிய்ந்தால் பிய்யட்டும், அழகாக வெட்டினால் டிக்ஸ் வரமாட்டார். எழுத்து இருந்தால் இடவலம் மாற்றிக் கீறுங்கள்.

எண்ணெய் அச்சு மையைப் பழைய பல்துலக்கியால் கீறலுக்குள் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் துடையுங்கள். முழுசாகத் துடைக்க வேண்டாம், கொஞ்சம் அழுக்கு நிற்கட்டும். நீர்வண்ணத் தாளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, துண்டில் ஒற்றி, அட்டைமேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தாள் காய்ந்தால் மை ஏறாது. அப்புறம் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் பொறுமையாக அழுத்தித் தேய்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கை வலிக்கும், பரவாயில்லை.

சரி, எதை வரைவது? விட்டால் பையன்கள் எல்லாரும் டாங்கிதான் வரைவார்கள். நான் விடுவதில்லை. டிக்ஸ் தான் பார்த்த முகங்களை வரைந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரே ஒரு முகத்தை வரையச் சொல்லுங்கள். புகைப்படம் இல்லாவிட்டால் சொன்னதை வைத்தே வரையட்டும்.

ஒரு பெட்டி சில பிரதிகளுக்குமேல் தாங்காது. கை மையைச் சமையல் எண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள்.