செவ்வரத்தைக் காய் உதிராமல் நின்ற கதை

கிளிநொச்சியில் எங்கள் வளவில் மஞ்சள் செவ்வரத்தையையும் (செம்பருத்தி) சிவப்பையும் கலந்து, நாற்றுமேடைக்காரர் வாங்கக்கூடிய புது நிறம் ஒன்றை எடுக்கப் பார்த்தேன். சித்திரை, வைகாசியில் 40 பூவுக்கு மேல் மகரந்தம் தடவினேன். ஒரு காய்கூட நிற்கவில்லை. நாலைந்து நாளில் காம்போடு மஞ்சளாகி விழுந்துவிடும். பசளையைக் கூட்டினேன், இலைதான் செழித்தது.

அப்புறம்தான் உறைத்தது: நான் தடவியதெல்லாம் உச்சி வெயிலில். கடும் சூட்டில் மகரந்தம் வலுவிழக்கும், பிடித்த பிஞ்சும் உதிரும். மாரி ஓய்ந்து தை பிறக்கும்வரை பொறுத்தேன். பூவின் ஆயுள் ஒரு நாள்தானே! அதனால் முதல்நாள் மாலையே மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, மெல்லிய துணியால் கட்டினேன். காலையில் விரிந்ததும் நுனியில் மகரந்தம் ஏற்கும் 5 சூல்முடிகளிலும் தடவி, காம்பில் திகதித் துண்டு கட்டினேன். தாய்ச்செடிச் சாடியை வேப்பமர நிழலுக்கு மாற்றினேன்.

12 பூவில் 3 காய் முற்றின. முளைத்த செடிகள் ஒன்றைப்போல் ஒன்றில்லை. பெரும்பாலும் மங்கல் செம்மஞ்சள். ஒன்று மட்டும் நடுவில் கருஞ்சிவப்போடு பூத்தது. அதன் விதையில் அதே பூ வராது என்பதால் தடி வெட்டித்தான் பெருக்குகிறேன். அந்தத் தடிகளும் அதே நிறத்தில் பூக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.