ஆயாவின் கிராண்ட், அப்பாவின் பென்ஷன்: கடன்காரர் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி?

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் வீடுகளில் மாதத் தொடக்கத்தில், அரசு உதவித்தொகையான கிராண்ட் வரும்போது கேட்கும் புலம்பல் இது: "கிராண்ட் விழுந்தது, ஆனால் முழுசாக இல்லை." கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தைப் பிடித்துவிட்டார் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. தென்னாப்பிரிக்கச் சட்டம் கிராண்டையும் பென்ஷனையும் நன்றாகவே காக்கிறது. பணம் ஒழுகுவது வங்கிக் கணக்கில், நாமே எப்போதோ போட்ட கையெழுத்து வழியாக. ஆகவே வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில்: அது எந்தப் பணம்?

சாசா (தென்னாப்பிரிக்க சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் முதியோர், ஊனமுற்றோர் கிராண்ட் என்றால், 2004ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டம், பிரிவு 20. கிராண்டை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவோ அடகு வைக்கவோ முடியாது. வேறு எவரும் அதில் உரிமை கேட்பதற்கு முன், முழுத் தொகையும் பயனாளியின் கைக்குப் போக வேண்டும். "கிராண்டை எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று கவலைப்படுகிறவர்களே, அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அது செல்லாது.

தனியார் வேலையின் ஓய்வூதிய நிதி என்றால், 1956ஆம் ஆண்டின் ஓய்வூதிய நிதிச் சட்டம், பிரிவு 37ஏ. ஓய்வுபெற்ற ஆசிரியர், தாதி, போலீஸ்காரர் என்றால், 1996ஆம் ஆண்டின் அரசு ஊழியர் பென்ஷன் சட்டம், பிரிவு 21. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: சாதாரணக் கடனுக்காக நிதியில் உள்ள பணத்தை ஜப்தி செய்ய முடியாது.

சம்பளம் வேறு. கார்னிஷி ஆர்டர் எனப்படும், நீதவான் நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 65ஜே உத்தரவு, கடனுக்காகச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி முதலாளிக்குப் போவது. 2018 ஆகஸ்ட் முதல், எத்தனை கார்னிஷி இருந்தாலும் மொத்தம் அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீதிபதி பார்க்காமல் கோர்ட் குமாஸ்தா மட்டும் கையெழுத்திட்ட உத்தரவும் இப்போது போதாது. 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

விதிவிலக்குகள்: இவற்றைத் தடுக்க முடியாது

பென்ஷனில் பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், விவாகரத்துப் பங்கு, வருமான வரிப் பாக்கி ஆகியவை பிடிக்கப்படலாம். தனியார் நிதியாக இருந்தால், வீட்டுக் கடனுக்கு அந்த நிதியே கொடுத்த உத்தரவாதமும், திருட்டு, மோசடிக்காக முதலாளி கேட்கும் இழப்பும் சேரும். பின்னதற்கு ஊழியர் எழுதிக் கொடுத்த ஒப்புதலோ கோர்ட் தீர்ப்போ வேண்டும். கிராண்டில், தவறாகக் கூடுதலாகக் கொடுத்ததை சாசாவே திரும்பப் பிடிக்கலாம்.

கிராண்டில் இன்னொரு கழிவும் உண்டு: ஈமச்சடங்குக் காப்பீடு. ஒரே ஒரு பாலிசி, பயனாளியே சம்மதித்தது, கிராண்டில் 10 சதவீதத்துக்குள். மாதம் 2,300 ரேண்ட் வந்தால் 230 ரேண்டுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகளின் கிராண்டிலும் தற்காலிக ஊனமுற்றோர் கிராண்டிலும் இதுவும் கூடாது. இரண்டாவது பாலிசிக்குக் கழிந்திருந்தால் அது தவறு; உடனே சாசாவிடம் சொல்லுங்கள்.

அடுத்து: மூன்று மாத ஸ்டேட்மென்ட்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள், இதுதான் முக்கியமான வேலை. வங்கியில் மூன்று மாத ஸ்டேட்மென்ட் வாங்கி, ஒரு நிறப் பேனாவால் ஒவ்வொரு டெபிட் ஆர்டரையும் (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் உத்தரவு) வட்டமிடுங்கள். சிறிய தொகைகளை விடாதீர்கள். மோசடிக்காரர்கள் 99 ரேண்ட் மாதிரியான தொகையைத்தான் விரும்புகிறார்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

வட்டமிட்டவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: "நான் ஒப்புக்கொண்டது"; "ஒப்புக்கொண்டேன், ஆனால் தொகை வேறு"; "எனக்குத் தெரியவே தெரியாதது".

கடைசி இரண்டுக்கும் வங்கியில் 'டிஸ்பியூட்', அதாவது ஆட்சேபணை, போடுங்கள். சாதாரண டெபிட் ஆர்டர் என்றால், பணம் எடுத்த நாளிலிருந்து 40 நாட்களுக்குள் சொன்னால் திரும்பப் பெறுவது எளிது. பிந்தினால் காகிதம் கேட்பார்கள், வாரக்கணக்கில் இழுக்கும். அதோடு 'ஸ்டாப்' உத்தரவும் கேளுங்கள். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்: டிஸ்பியூட் போன மாதப் பணத்தைத் திருப்பும், அடுத்த மாதத்தைத் தடுக்காது.

டெபிசெக் என்று குறித்திருந்தால் கதை வேறு. அது தொலைபேசியிலோ ஏ.டி.எம்.மிலோ நீங்களே ஒப்புதல் கொடுத்தது. ஒப்புக்கொண்டதற்கு மாறாக எடுத்தால் மட்டுமே கேள்வி கேட்க முடியும். ஆயாவின் தொலைபேசிக்கு ஒப்புதல் கேட்டுச் செய்தி வந்தால், என்ன ஏது என்று தெரியாமல் 1 அழுத்தக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நியாயமான கடனுக்குப் போகும் டெபிட் ஆர்டரைச் சும்மா திருப்பிப் போடாதீர்கள். கடன் அப்படியே இருக்கும், வட்டியும் கட்டணமும் ஏறும். கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணையைக் குறைப்பதே வழி.

கணக்கை மாற்றி அமையுங்கள்

கிராண்டுக்கு அல்லது பென்ஷனுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு வையுங்கள். மகன் அனுப்பும் பணம், வாடகை, எதுவும் அதில் கலக்க வேண்டாம். கணக்கில் விழுந்த பிறகு சட்டப் பாதுகாப்பு மங்கிவிடும். வேறு பணமும் கலந்தால் "இது கிராண்ட்" என்று காட்டுவது இன்னும் கடினம்.

கடன் இருக்கும் அதே வங்கியில் இந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். வங்கியே தன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம், பிரிவு 124 அதற்கு உங்கள் தெளிவான எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனாலும் முதலில் எடுத்துவிட்டால் அலைவது நீங்கள்தான். கணக்கை மாற்றும்போது, புதுக் கணக்கில் முதல் பணம் விழும்வரை பழையதை மூடாதீர்கள்.

கார்டும் பின் நம்பரும்

மஷோனிசாக்கள் (உள்ளூர் வட்டிக்காரர்கள்) கடனுக்கு ஈடாகக் கார்டையும் அடையாள அட்டையையும் வாங்கி வைப்பது சட்டவிரோதம். தேசியக் கடன் சட்டம், பிரிவு 133 அதைக் குற்றம் என்கிறது. கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். கார்டைத் தொலைந்ததாக வங்கியில் முடக்கி, புதியதும் புதிய பின்னும் வாங்குங்கள். மிரட்டினால் போலீஸ். தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தின் எண் 0860 627 627.

வக்கீல் கடிதம் வந்தால்

சம்மன் என்றால் ஒதுக்கி வைக்காதீர்கள். எதிர்க்கப் போவதாக 10 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரியாமலே தீர்ப்பு வந்துவிட்டால், தெரிந்த நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் அதை ரத்துசெய்ய மனுப் போடுங்கள்.

கடைக் கடன், பெர்சனல் லோன் போன்றவை பொதுவாக மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும்: இடையில் எதுவும் கட்டாமல், ஒப்புக்கொள்ளாமல், சம்மனும் வராமல் இருந்தால். "50 ரேண்ட் மட்டும் போடுங்க ஆன்ட்டி" என்று பழைய கடனுக்குத் தொலைபேசியில் இனிமையாகப் பேசுவது அதனால்தான். அந்த 50 ரேண்ட் கடனை மறுபடி உயிர்ப்பிக்கலாம். தேதி தெரியும்வரை பணமும் கட்டாதீர்கள், "ஆமாம்" என்றும் சொல்லாதீர்கள். தீர்ப்பு ஏற்கெனவே இருந்தால் இந்த மூன்று ஆண்டு பொருந்தாது. அதற்கு 30 ஆண்டு.

மொத்தத் தொகை எடுக்கும் முன்

2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியில் சேமிப்புப் பங்கிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். கடன்காரர் இதைக் காட்டி நெருக்குவார். நிதிக்குள் இருக்கும்வரை அவர் தொட முடியாத பணம் அது. எடுத்தால் வரி பிடிப்பார்கள், மீதி சாதாரணப் பணமாகிவிடும். ஓய்வின்போது வாங்கும் மொத்தத் தொகைக்கும் இதே நிலைதான்.

உதவிக்குப் போகும்போது அடையாள அட்டை, வட்டமிட்ட ஸ்டேட்மென்ட், கடன் ஒப்பந்தம், சாசா அல்லது பென்ஷன் கடிதம், வங்கி கொடுத்த டிஸ்பியூட் எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள். சாசாவின் இலவச எண் 0800 60 10 11. வக்கீலுக்குக் காசில்லை என்றால் லீகல் எய்ட், 0800 110 110, அதுவும் இலவசம்.