சி-ஆர்ம் படத்துக்குத் தனி பில் போடலாமா? எலும்பு அறுவை சிகிச்சை கோடிங் கற்பவர்களுக்கு

அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆபரேஷன் குறிப்பில் 'சி-ஆர்ம்' (அறுவை சிகிச்சையின்போது எக்ஸ்ரே படம் காட்டும் இயந்திரம்) என்று பார்த்ததும், ஃப்ளோரோஸ்கோப்பி எனப்படும் அந்த நேரடி எக்ஸ்ரே படத்துக்கான 76000 என்ற கோடை, அதாவது பில் எண்ணை, சேர்த்துவிடுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கிளைம்கள் வரிசையாக டினையல் ஆகி, அதாவது மறுக்கப்பட்டு, திரும்பி வந்தன.

படி 1: படம் எதற்கு எடுத்தார்கள்?

கோடு புத்தகத்தைத் திறக்கும் முன் ஆபரேஷன் குறிப்பை முழுதாகப் படியுங்கள். மணிக்கட்டில் ஆர எலும்பின் கீழ்முனை முறிவுக்கு பிளேட் வைத்திருக்கிறார்கள், கோடு 25607 என்று வைத்துக்கொள்வோம். எலும்பு நேராகச் சேர்ந்ததா, ஸ்க்ரூ மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று சர்ஜன் ஃப்ளோரோஸ்கோப்பியில் பார்த்திருப்பார். அப்படிப் பார்க்காமல் அந்த வேலையே முடியாது. ஆகவே அது அறுவை சிகிச்சைக்குள் அடங்கிவிட்டது.

76000-இன் விளக்கத்திலேயே 'தனிச் செயல்முறை' என்ற குறிப்பு உண்டு. பெரிய சிகிச்சை ஒன்றின் பகுதியாக அதே இடத்தில் செய்தால் அதைத் தனியாகக் காட்டக் கூடாது என்பதே அதன் பொருள்.

சரி, 76000 வேண்டாம், மணிக்கட்டு எக்ஸ்ரேக்கான 73100-ஐ 26 மாடிஃபையரோடு (மருத்துவரின் பங்குக்கு மட்டும் பணம் கேட்கக் கோடோடு சேர்க்கும் எண்) போடலாமே என்று தோன்றும். அதுவும் கூடாது. எலும்பைச் சேர்த்த பிறகு வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க எடுக்கும் படத்தில், மருத்துவருக்கான பகுதியைத் தனியாகக் கேட்கக் கூடாது என்று அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் என்சிசிஐ கொள்கை (எந்தக் கோடுகளைச் சேர்த்துப் பில் போடலாம் என்ற விதிகள்) தெளிவாகச் சொல்கிறது.

படி 2: கோடுக்குள்ளேயே படம் இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தோள், இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய மூட்டில் ஊசி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் உதவி இல்லாமல் போட்டால் 20610. அல்ட்ராசவுண்டு பார்த்துப் போட்டால் 20611. அதற்கு மேல் அல்ட்ராசவுண்டுக்குத் தனிக் கோடு கிடையாது. ஆனால் படத்தை நிரந்தரமாகச் சேமித்து, அறிக்கையும் எழுதியிருக்க வேண்டும். அதே ஊசியை ஃப்ளோரோஸ்கோப்பியில் போட்டால் 20610-உடன் 77002-ஐச் சேர்க்க சிபிடி (இந்தக் கோடுகளின் தொகுப்பு) வழிகாட்டுகிறது. ஆனால் சாக்ரோஇலியாக் மூட்டு (முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் இடம்) ஊசிக்கான 27096-இல் படமும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு கோடுக்கும் கீழே அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்பைப் படித்தால்தான் இந்த வேறுபாடு பிடிபடும்.

படி 3: என்சிசிஐ அட்டவணை

சிகிச்சைக்கும் படத்துக்கும் உரிய இரண்டு கோடுகளையும் இந்த அட்டவணையில் ஜோடியாகத் தேடுங்கள். ஜோடிக்கு எதிரே 0 இருந்தால் எந்த மாடிஃபையரும் உதவாது. 1 இருந்தால், படம் உண்மையிலேயே வேறொரு உடல் பகுதிக்கோ வேறொரு நேரத்திலோ எடுக்கப்பட்டிருந்தால் மட்டும், இது தனிச் சேவை என்று காட்டும் 59 அல்லது எக்ஸ்எஸ் போன்ற மாடிஃபையர் போடலாம். பணம் வரட்டும் என்று 59 போடுவது தவறு. தணிக்கையில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், அதனால் சிகிச்சை நடந்த தேதிக்கு உரிய பதிப்பைப் பாருங்கள்.

படி 4: இயந்திரம் யாருடையது?

தனியாகப் பில் போடலாம் என்று முடிவான பிறகுதான் இந்தக் கேள்வி. மருத்துவமனையில், அதாவது சேவை இடக் குறியீடு 21 (உள்நோயாளி) அல்லது 22 (வெளிநோயாளி) என்றால், இயந்திரமும் டெக்னீஷியனும் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். மருத்துவர் 26 மட்டும் போட வேண்டும். சொந்த கிளினிக், சொந்த இயந்திரம் என்றால் மாடிஃபையர் இல்லாமல் முழுக் கோடு.

எதுவானாலும் படத்தில் என்ன தெரிந்தது என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். 'சி-ஆர்ம் பயன்படுத்தப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. அந்த வரி மட்டும் இருந்தால் கிளைமை அனுப்பாமல் மருத்துவரிடம் கேள்வி அனுப்புங்கள்.