உண்ணல் கோளாறு ஆய்வுக்குக் கோடையில் போக விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

இங்கே கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களுக்குக் கோடை விடுமுறை. அந்த எட்டுப் பத்துக் கிழமைக்கு மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, உண்ணல் கோளாறு (சாப்பிடுவதே சிக்கலாகிப்போகும் மனநோய்கள்) பற்றிய ஆய்வைப் பழக்கும் திட்டங்கள் உண்டு. உளவியல் படித்தால்தான் எடுப்பார்கள் என்று விலகாதீர்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினியோ சித்த மருத்துவமோ படிக்கிற பிள்ளைக்கும் இடமிருக்கிறது. கோடை மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தரவைத் துப்புரவாக்குவது, ஆய்வுக்குப் பொருந்தும் கட்டுரைகளைப் பொறுக்கியெடுப்பது போன்ற வேலைதான். தரவைக் கணக்கிடும் 'ஆர்' மென்பொருள் இலவசம், இப்போதே பழகுங்கள்.

முதலில் தகுதிப் பகுதியை வாசியுங்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைத் திட்டப் பணம் அந்நாட்டவருக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும்தான். அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். மற்றவற்றுக்கு முடிவுத் திகதி பெரும்பாலும் வருடத் தொடக்கத்தில் வரும். அதனால் நவம்பரிலேயே பேராசிரியருக்கு எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளருக்கும் ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

அப்புறம் விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை. என்னிடம் திருத்தக் கொண்டுவருகிற பிள்ளைகள் அநேகமாக "இந்நோய் உலகெங்கும் பரவுகிறது" என்றுதான் தொடங்குகிறார்கள். அதை வெட்டிவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள் என்பேன். உண்ணல் கோளாறு இருக்கக்கூடுமா என்று பார்க்கும் ஈட்-26 என்ற வினாக்கொத்தை எடுங்கள். 1982இல் வெளிவந்தது, 26 கேள்விகள். 20 அல்லது அதற்கு மேல் புள்ளி வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். சீனி சேர்த்த உணவைத் தவிர்க்கிறீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. 'எப்போதும்' என்றால் 3 புள்ளி. அம்மம்மாவுக்கு நீரிழிவு என்று வீடே சீனியைக் குறைத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கும் 3தான். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவரிடமும் ரமழான் நோன்பு பிடிப்பவரிடமும் அந்த நாட்களில் கேட்டால் பதில் எப்படி வரும்? ஹொங்கொங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1990களில் காட்டியதையும் வாசியுங்கள்: பட்டினி கிடந்து மெலிந்த நோயாளிகள் பலருக்குக் கொழுத்துவிடுவோம் என்ற பயமே இல்லை; வயிறு ஊதுகிறது, பசியில்லை என்றார்கள். நம் ஊரிலும் 'பிள்ளை சாப்பிடுதில்லை' என்ற பேச்சோடு எத்தனையோ பேர் கவனிக்கப்படாமல் போகக்கூடும். இப்படி யோசிக்கிற மாணவரைத்தான் ஆய்வுக்குழு தேடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டினி கிடந்து மெலிய வைக்கும் அந்த உண்ணல் கோளாறு, அனொரெக்சியா, உயிரை எடுக்கும் நோய். மனநோய்களில் இறப்பு வீதம் மிக அதிகமானவற்றில் ஒன்று. உங்களுக்கே அந்த அனுபவம் இருந்தால் அதைக் கட்டுரையில் எழுத வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இப்போதும் சாப்பாட்டோடு போராடுகிறீர்கள் என்றால், தங்கச்சி, தம்பி, இந்த வருடம் விண்ணப்பத்தை ஒத்திவைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். நாள் முழுக்க நிறையும் கலோரியும் பதிந்த தரவைப் பார்க்கிற வேலை இது.

சரி, பேராசிரியருக்கு மின்னஞ்சல் எப்படி? அவர்களின் ஒரு ஆய்வுக் கட்டுரையை முழுதாக வாசித்து, அதிலிருந்து ஒரு கேள்வி, நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை, உங்களுக்கு வசதியான மாதங்கள். பத்து வரிக்குள் முடியுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.