வெளிநாட்டில் மூன்று மாதச் சட்ட ஆய்வு: மொரீசியஸிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

சர்வதேசச் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்ப இதையே கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முனைவர் பட்டம் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது. சிவி எழுதுவது, பாஸ்போர்ட் எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: இடமும் பணமும்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1923-இல் தொடங்கிய சர்வதேசச் சட்ட அகாடமி, வளரும் நாடுகளில் இருந்தபடியே முனைவர் பட்டம் செய்பவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. கோடையில் அங்கே தங்கி அமைதி மாளிகை நூலகத்தில் படிக்கலாம். ஜெர்மனி என்றால் ஹைடல்பர்க்கில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைப் பாருங்கள். அதற்குப் பணம் தேட, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி-யின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. கடல் சட்டக்காரர்களுக்கு ஐ.நா.வின் அமரசிங்க நினைவு ஃபெலோஷிப். மூன்றாம் கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்த இலங்கைக்காரர் அவர்.

தொகையும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பை மட்டும் நம்புங்கள். '23:59' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அவர்கள் ஊர் நேரம். ஐரோப்பாவில் குளிர்காலம் என்றால் நமக்கு அப்போது விடியற்காலை 2:59.

படி 2: ஏன் அங்கேயே?

திட்ட அறிக்கையில் தேர்வுக் குழு தேடுவது இந்த ஒரு கேள்விக்கான பதிலைத்தான். 'புகழ்பெற்ற நூலகத்தில் படிக்க ஆசை' என்பதெல்லாம் எடுபடாது. சாகோஸ் தீவுகள் பற்றி 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தையோ, மாலத்தீவுடனான கடல் எல்லை வழக்கில் 2023 ஏப்ரல் 28 அன்று வந்த தீர்ப்பையோ படிக்க வருகிறேன் என்றால் இன்னும் மோசம். வாதங்கள் உட்பட எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ரோஸ் ஹில்லில் வீட்டு மேசையிலேயே படிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள்.

அமைதி மாளிகை, மாக்ஸ் பிளாங்க் இரண்டு நூலகங்களின் புத்தகப் பட்டியலும் இணையத்தில் திறந்தே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து துழாவுங்கள். நம் தீவில் எங்கும் இல்லாத, மின்வடிவிலும் கிடைக்காத பழைய நூல்கள், இதழ்த் தொகுதிகளைக் குறியீட்டு எண்ணோடு எழுதி எடுங்கள். எந்த அத்தியாயத்துக்கு எது வேண்டும் என்று அறிக்கையில் நேரடியாகச் சொல்லுங்கள். யாரைச் சந்தித்து என்ன கேட்கப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. சர்வதேச நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். பள்ளியிலிருந்தே இரண்டிலும் புழங்கும் நாம் அதை ஒரு தகுதி என்றே நினைப்பதில்லை. முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

மேற்கோள்களைத் தொகுக்க ஸோட்டெரோ என்ற மென்பொருள் போதும். இலவசம், இணைப்பு அறுந்தாலும் வேலை செய்யும். காசு கொடுத்து வேறெதையும் வாங்காதீர்கள்.

படி 3: அழைப்புக் கடிதம்

என் விண்ணப்பத்தை இழுத்தடித்தது இதுதான். நான் போக இருந்த இடத்தின் பேராசிரியர் 'தாராளமாக வாருங்கள்' என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டார். உதவித்தொகை தருபவர்களுக்கு அது போதவில்லை. லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, தேதிகளோடு வேண்டும் என்றார்கள். பேராசிரியரோ விடுமுறையில்.

அதனால் கடிதத்தின் வரைவை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். அதில் தவறு எதுவும் இல்லை, பலரும் செய்வதுதான். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பட்டத்தில் இன்னொரு எழுத்து என்று அலைபவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆய்வுத் தலைப்பு, பொறுப்பேற்பவர் பெயர், மேசையும் நூலக அனுமதியும் உண்டா, கட்டணம் ஏதாவது உண்டா (சில இடங்களில் விருந்தினர்களிடம் மேசைக் கட்டணம் வாங்குவார்கள்) என்பதெல்லாம் வர வேண்டும். 'விருந்தினர் ஆய்வாளர், பணி நியமனம் அல்ல' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வேலை என்று தோன்றினால் விசா கதையே வேறு.

பிறகு தேதி. மொரீசியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பிய நாடுகள்; நெதர்லாந்தும் ஜெர்மனியும் அதில் உண்டு) விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள் இருக்கலாம். மூன்று மாதம்தானே, அடங்கிவிடும் என்று தோன்றும். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணிப் பாருங்கள்: 31, 31, 30. மொத்தம் 92. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தி. அந்த 2 நாளுக்காக நீண்ட கால விசா கேட்க வேண்டிவரும். அந்த நாட்டின் தூதரகம் நம் தீவில் இல்லையென்றால் அலைச்சல் வேறு. பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை என்றால் 89, லீப் ஆண்டில் 90. பல ஆண்டுகளில் தைப்பூசக் காவடி முடிந்த கையோடு கிளம்பலாம் என்பது கூடுதல் லாபம். கடிதம் கேட்கும்போதே நாட்களை எண்ணிச் சொல்லுங்கள். கையெழுத்தான பிறகு மாற்றச் சொல்வது சங்கடம்.

முன்பு பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துக் கணக்கிடுவார்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கணினிப் பதிவு வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் கண்ணில் படும்.

படி 4: மற்றவை

பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்குத் திட்ட அறிக்கையை முன்கூட்டியே கொடுங்கள். மருத்துவக் காப்பீடு உதவித்தொகையில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். முதல் தவணை கைக்கு வரத் தாமதமாகலாம், அறை முன்பணம் காத்திருக்காது. ஒரு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்தது: 'பக்கத்துத் தீவான ரெயூனியனில் அத்தை வீட்டில் இருந்த நாட்களும் 90-இல் சேருமா?' என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சேராது. ரெயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதி அல்ல. அங்கே தங்கும் நாட்களுக்குத் தனிக் கணக்கு. ஆனால் அங்கிருந்து பாரிஸ் போய் இறங்கினால் அன்றைக்கே முதல் நாள் தொடங்கிவிடும்.