வாரம் ஒரு நாள், தெருவே சேர்ந்து கொசுப்புழு தேடுவது எப்படி?

டெங்கு கொசு பெரும்பாலும் வளர்வது சாக்கடையில் இல்லை. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான். முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்பது கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் புழு கொசுவாகிப் பறந்திருக்கும். சென்னையில் அக்டோபர் மழைக்கு முன், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

இருபது வீட்டுக்கு இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் தெருவில் எல்லோருக்கும் பழக்கமான அக்காவாக இருந்தால் கதவு சுலபமாகத் திறக்கும். டார்ச், கரண்டி, வெள்ளைக் கிண்ணம், பிரஷ், நைலான் வலைத்துணி, கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸுக்குச் செலவழிக்க வேண்டாம். டிரம்மிலிருந்து ஒரு கரண்டி தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, நெளியும் புழுவை வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்க்கட்டும். அதற்கு மேல் பேச்சு தேவைப்படாது.

ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், சன்ஷேடில் கிடக்கும் கொட்டாங்குச்சி, மூலையில் போட்ட ஆட்டுக்கல், பழைய டயர் எல்லாம் பாருங்கள். பலரும் கோட்டை விடுவது ஓவர்ஹெட் டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாயையும் சம்ப் மூடி இடுக்கையும்தான். குழாய் வாயில் வலைத்துணியை இறுக்கிக் கட்டுங்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அந்த வளையத்தைப் பிரஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவரிடம் “கொட்டுங்க” என்றால் நடக்குமா? துணியில் வடிகட்டி வேறு குடத்துக்கு மாற்றி, டிரம்மைத் தேய்த்து, திரும்ப ஊற்றி மூடச் சொல்லுங்கள். வடிகட்டிய புழுவைச் சாக்கடையில் போடாமல் காய்ந்த மண்ணில் உதறுங்கள்.

புகை அடிப்பதை நம்பி இருக்காதீர்கள்; அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது.

பார்த்த வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40க்கு 6 என்றால் 15 சதவீதம். வாட்ஸ்அப் குழுவில் இந்த எண் மட்டும் போகட்டும். வீட்டு எண்ணைப் போட்டு மானத்தை வாங்கினால் அடுத்த வாரம் அந்தக் கதவு திறக்காது.

பூட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு உரிமையாளரிடம் போனில் பேசுங்கள். கட்டுமான இடத்தில் லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் முதலில் மேஸ்திரியிடம் சொல்லுங்கள். இறைக்காவிட்டால் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போனில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.