அச்சுக்குத் தரும் முன் பிக்சல்களை எண்ணிப் பாருங்கள்

திரையில் பளிச்சென்று தெரியும் படம் தாளில் மங்கலாக விழுந்தால், பெரும்பாலும் அதற்கு அச்சகம் காரணமன்று. படத்தில் போதிய பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் சிறு வண்ணப் புள்ளிகள்) இல்லாததே காரணம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்கள் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதன்படி 4 × 6 அங்குலப் படத்துக்கு 1200 × 1800 பிக்சல்களும், ஏ4 தாள் முழுவதும் நிரம்பும் படத்துக்கு 2480 × 3508 பிக்சல்களும் தேவைப்படும். தொலைவிலிருந்து பார்க்கும் பதாகைக்கு ஓர் அங்குலத்துக்கு இதில் பாதி, அதாவது 150 பிக்சல்களே போதும்.

மென்பொருளில் 72 என்றிருக்கும் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) எண்ணை 300 என்று மாற்றிவிட்டால் தரம் கூடிவிடும் எனப் பலர் நம்புகிறார்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாத வரை அந்த எண் அச்சாகும் அளவை மட்டுமே குறிக்கும். பிக்சல்களைக் கூட்டினாலும், மென்பொருள் இடைவெளியை ஊகித்து நிரப்புமே தவிர, கேமரா பதிவு செய்யாத நுணுக்கத்தைக் கொண்டுவராது. ஆகவே, மறைந்த பெரியவர் ஒருவரின் படத்தைச் சட்டமிட்டு மாட்டுவதற்காகப் பெரிதாக்கும்போது, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்த பிரதியைக் கொடுக்காதீர்கள். அது அனுப்பும்போதே சுருக்கப்பட்டிருக்கும். படம் எடுத்தவரிடம் மூலக்கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்த முகம் தெளிவாக இருப்பதற்கு இந்தச் சிறு சிரமம் தகும்.

இணையத்துக்கு நிலைமை நேர்மாறு. 4000 பிக்சல் அகலப் படம் பக்கத்தை மெதுவாக்கும் என்பதால், கட்டுரைக்கு 1200 பிக்சல் அகலமும் இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலமும் போதும். சுருக்கியதை எப்போதும் வேறு பெயரில் சேமியுங்கள். மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டால், இழந்த பிக்சல்களை மீட்க வழியில்லை.